நான்கு அடுக்குகளுக்கு நான்கு சொற்கள்: படைப்பு, பாடம், உரு, படி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். நூலகப் பட்டியல் ஒரு நூலை நான்கு அடுக்குகளாகப் பார்க்கிறது: ஆசிரியர் ஆக்கியது (ஒர்க்), அது சொல்லாகவோ ஒலியாகவோ அமைந்த விதம் (எக்ஸ்பிரஷன்), அது அச்சாகவோ கோப்பாகவோ வந்த வடிவம் (மேனிஃபெஸ்டேஷன்), கையில் இருக்கும் ஒற்றைப் புத்தகம் (ஐட்டம்). இந்த நான்குக்கும் தமிழ்ச் சொல் தேடித் தொடங்கிய இந்த இழையில் இதுவரை வந்த பரிந்துரைகளை ஒருசேரப் படித்தேன். ‘ஒர்க்’ என்பதற்குப் ‘படைப்பு’ என்பதில் எவருக்கும் மறுப்பில்லை. அதை முடிந்த கதையாகவே வைத்துக்கொள்ளலாம். இழுபறியெல்லாம் ‘எக்ஸ்பிரஷன்’, ‘மேனிஃபெஸ்டேஷன்’ இரண்டிலும்தான். ஒருவர் முதலதை ‘வெளிப்பாடு’ என்கிறார். இன்னொருவர் இரண்டாவதை அதே சொல்லால் குறிக்கிறார். மூன்றாமவர் ‘வெளிப்பாடு’, ‘வெளிப்படுத்தம்’ என்று பங்கு பிரித்துக் கொடுக்கிறார். பட்டியலாக்கும் ஒருவர் இந்த இரண்டையும் நாள் முழுவதும் அருகருகே எழுத வேண்டியவர். கடைசி எழுத்துகளில் மட்டும் வேறுபடும் இரட்டைச் சொற்களை அவர் கையில் கொடுப்பது அவருக்கு நாம் செய்யும் உதவி ஆகாது.

சொல்லைப் பற்றிப் பேசுமுன் பொருளைச் சற்று நெருங்கிப் பார்த்துவிடலாம். ஏழரைக்குப் பன்னிரண்டரை சென்டிமீட்டர் அட்டையில் ஒரு நூலின் விவரங்களை எழுதி இழுப்பறையில் அடுக்கிய காலத்தில் ஒரு நூலுக்கு ஓர் அட்டை போதுமானதாக இருந்தது. 1960களின் இறுதியில் வந்த, நூல் விவரங்களைக் கணினி படிக்கும்படி எழுதும் ‘மார்க்’ வடிவம் அந்த அட்டையைத்தான் கிட்டத்தட்ட அப்படியே கணினிக்குள் கொண்டுபோனது. இன்று ‘திருக்குறள்’ என்று தட்டித் தேடினால் என்ன வருகிறது? மூலம் மட்டும் உள்ள கையடக்கப் புத்தகம், பரிமேலழகர் உரையோடு கூடியது, போப் 1886இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு, அதே மொழிபெயர்ப்பின் பிடிஎஃப், யாரோ வாசித்துப் பதிந்த ஒலிநூல் என்று எல்லாம் ஒரே வரிசையில், ஒன்றுக்கொன்று உறவே இல்லாதவை போல நிற்கின்றன. ஆங்கிலத்தில் வேண்டும், அச்சோ மின்னூலோ எதுவானாலும் சரி என்று வருகிற வாசகர் ஐம்பது வரிகளைத் தாமே உருட்டிப் பார்த்துப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூலகச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான இஃப்லா 1998இல் வெளியிட்ட எஃப்ஆர்பிஆர் என்ற பட்டியல் மாதிரி இதற்குத்தான் நான்கு அடுக்குகளை வகுத்தது. 2010இல் வந்த ஆர்டிஏ என்ற பட்டியலாக்க விதிகள் அதன்மேல் எழுந்தவை. எஃப்ஆர்பிஆரின் இடத்தில் 2017இல் இஃப்லா கொண்டுவந்த எல்ஆர்எம் மாதிரியும் அந்த நான்கையும் கைவிடவில்லை. ஆகவே இவை நாளைக்கே காலாவதியாகும் கருத்துகள் அல்ல. இவற்றுக்குச் சொல் காண நாம் செலவிடும் நேரம் வீண்போகாது.

என் பரிந்துரை: படைப்பு, பாடம், உரு, படி.

முதலில் எக்ஸ்பிரஷனுக்கான ‘பாடம்’. எல்ஆர்எம் இந்த இரண்டாம் அடுக்கைக் குறிகளின் தனித்ததொரு சேர்க்கை என்று வரையறுக்கிறது. எந்தச் சொற்கள், எந்த வரிசையில், எந்த மொழியில் என்பதுதான் இங்கே கேள்வி. இந்தக் கேள்வியை நம் பதிப்பாசிரியர்கள் சுவடிகளை ஒப்பிட்டபோதே கேட்டுவிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த சொல் பாடம். மூலபாடம், பாடபேதம் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, சொல் எழுத்தோடு நின்றுவிடவில்லை என்பது. கருநாடக இசைக்காரர்கள் ஒரே கீர்த்தனை இரண்டு மரபுகளில் இரண்டு விதமாகப் பாடப்படுவதைப் ‘பாடாந்தரம்’ என்கிறார்கள். ஆக, எழுதியதற்கும் பாடியதற்கும் பொருந்தும் ஒரு சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. மொழிபெயர்ப்புப் பாடம், ஒலிப்பாடம், சுருக்கப் பாடம், திருத்திய பாடம் என்று அடைமொழிகளையும் அது இயல்பாக ஏற்கிறது.

‘பாடம் என்றால் பள்ளிப் பாடம் என்றல்லவா மாணவர் நினைப்பார்?’ என்று நேற்று ஒருவர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. ஆனால் திரையில் இந்தச் சொல் தனியாக வந்து நிற்கப் போவதில்லை. மொழி, உள்ளடக்க வகை, மொழிபெயர்த்தவர், வாசித்தவர் ஆகிய விவரங்கள் இந்த அடுக்குக்கே உரியவை; ‘மொழிபெயர்ப்புப் பாடம்: ஆங்கிலம், போப்’ என்று பார்க்கும் எவரும் அதைப் பள்ளிப் பாடம் என்று எண்ண மாட்டார். பள்ளிப் பாடங்களை நூலகங்கள் ‘பாடநூல்’ என்றே குறிப்பதால் அந்தப் பக்கமும் மோதல் இல்லை.

மேனிஃபெஸ்டேஷனுக்குப் பலரும் ‘பதிப்பு’ என்று எழுதியிருக்கிறீர்கள். இங்கே நான் உறுதியாக மறுக்கிறேன். நம் நூல்களில் பதிப்பு என்ற சொல் எல்லை அழிந்து கிடக்கிறது. ஓர் எழுத்துகூட மாறாத மறு அச்சை ‘இரண்டாம் பதிப்பு’ என்று போடுகிறார்கள்; பாதி நூலைத் திருத்தி எழுதியதையும் ‘இரண்டாம் பதிப்பு’ என்றுதான் போடுகிறார்கள். பின்னதில் பாடமே மாறிவிடுகிறது, முன்னதில் மாறவில்லை. இந்த வேறுபாட்டைக் காட்டத்தான் நான்கு அடுக்குகளே வந்தன. அதைக் குழப்பும் சொல்லையே ஓர் அடுக்குக்குப் பெயராக்க முடியாது. தவிர, மார்க் பதிவில் 250ஆம் புலம் என்ற பகுதி நூல் தன்னைப் பற்றிச் சொல்லும் பதிப்புக் குறிப்பை அப்படியே எடுத்தெழுதுவதற்கு உள்ளது. ‘பதிப்பு’ அங்கே இருக்கட்டும்.

‘வெளியீடு’ அதைவிட நல்ல சொல்தான். ஆனால் எவரும் வெளியிடாத ஓலைச்சுவடியும் இந்த அடுக்கில் இடம் பெற வேண்டும். அதனால்தான் ‘உரு’. ஒரே பாடம் தாளில் அச்சாகி நிற்கலாம், கோப்பாக நிற்கலாம், ஓலையில் நிற்கலாம்: அச்சுரு, மின்னுரு, சுவடியுரு. அச்சு நூலுக்கு ஓர் ஐஎஸ்பிஎன் (நூலுக்கான பன்னாட்டு எண்), அதன் மின்னூலுக்கு வேறோர் ஐஎஸ்பிஎன் ஏன் என்ற கேள்விக்கும் விடை இதிலேயே வந்துவிடுகிறது: பாடம் ஒன்று, உரு இரண்டு. ‘எழுத்துரு’ ஏற்கெனவே இருக்கிறதே என்ற தயக்கம் எனக்கு இல்லை. அங்கேயும் இதே பொருள்தானே, எழுத்து எடுத்துக்கொள்ளும் உரு.

இதற்கு ஒரு பழைய துணையும் உண்டு. நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். இரங்கநாதன் நூலை மூன்று கூறுகளின் சேர்க்கையாகக் கண்டார்: கருத்து அதன் உயிர், அதைச் சொல்லும் மொழியமைப்பு அதன் நுண்ணுடல், தாளும் கட்டும் அதன் பருவுடல். எஃப்ஆர்பிஆருக்குப் பல பத்தாண்டுகள் முன்பே சொல்லப்பட்டது இது. படைப்பு, பாடம், உரு என்ற வரிசை அந்த மூன்றோடும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. அது எனக்கு மிகுந்த நிறைவைத் தருகிறது.

ஐட்டம் என்ற கடைசி அடுக்கில் ‘படி’யா ‘பிரதி’யா என்ற வாதத்தை நீட்ட வேண்டாம். இலக்கியத் திறனாய்வில் ‘பிரதி’ இப்போது பனுவல் என்ற பொருளில் ஊன்றிவிட்டது; அதை இங்கே வைத்தால் இரண்டாம் அடுக்கோடு மோதும். ‘உருப்படி’ என்ற பரிந்துரை கேட்க நன்றாக இருந்தாலும், கச்சேரியில் உருப்படி என்றால் இசையாக்கமே. இசை நூலகங்களில் அது நேரே முதல் அடுக்கில் போய் நிற்கும். படிதான் சரி.

சொற்களை வரையறையில் வைத்துப் பார்ப்பதைவிட வாசகர் காணும் திரையில் வைத்துப் பார்ப்பதே நல்ல சோதனை. மேலே சொன்ன தேடலையே எடுத்துக்கொள்ளுங்கள்.

படைப்பு: திருக்குறள்
பாடம்: ஆங்கில மொழிபெயர்ப்பு, போப்
உரு: அச்சுரு, 1886
படிகள்: 2 (ஒன்று வாசகரிடம் உள்ளது)
இந்தப் பாடத்தின் பிற உருக்கள்: மின்னுரு (பிடிஎஃப்), மின்னுரு (ஈபப்)
இந்தப் படைப்பின் பிற பாடங்கள்: தமிழ் மூலபாடம், தமிழ் ஒலிப்பாடம்

இதைப் படிக்க நூலகவியல் பட்டம் வேண்டியதில்லை. ‘இந்த வெளிப்பாட்டின் பிற வெளிப்படுத்தங்கள்’ என்று அதே இடத்தில் போட்டுப் பாருங்கள், நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்பது தெரியும். ஒலிப்பாடம் ஏன் உருவில் இல்லாமல் பாடத்தில் வருகிறது என்று சிலர் கேட்கக்கூடும். எழுத்து பேச்சாகும்போது உள்ளடக்க வகையே மாறுகிறது. ஆர்டிஏ அதைப் புதிய பாடமாகவே கொள்கிறது. அந்த ஒலிப்பாடம் குறுந்தகட்டில் ஓர் உரு, எம்பி3 கோப்பில் இன்னோர் உரு.

இன்னும் தீராத இடம் ஒன்று இருக்கிறது. ‘மூலமும் பரிமேலழகர் உரையும்’ என்று ஒரே கட்டில் வருகிற நூல். உரை தனியொரு படைப்பு, அதற்குத் தனிப் பாடம். மூலத்துக்கு வேறு படைப்பு, வேறு பாடம். இரண்டும் ஒரே உருவில் சேர்கின்றன. எல்ஆர்எம் இதை ‘அக்ரிகேட்’ என்கிறது. ‘தொகுப்பு’ என்றால் சிறுகதைத் தொகுப்புதான் நினைவுக்கு வரும். உரைநூலை யாரும் தொகுப்பு என்று சொல்வதில்லை. ‘கூட்டுரு’ என்று தற்காலிகமாக எழுதி வருகிறேன். உரைமரபு இவ்வளவு செழித்த மொழியில் இதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தே ஆக வேண்டும். உரைநூல்களில் தோய்ந்தவர்கள் சொல்ல வேண்டும்.

நிலப்படங்கள், ஒளிப்படங்கள் ஆகியவற்றைப் பட்டியலாக்கும் நண்பர்களும் இந்த நான்கு சொற்களைத் தங்கள் பதிவுகள் சிலவற்றில் இட்டுப் பார்த்து எழுதுங்கள். சொற்களே இல்லாத படத்துக்குப் ‘பாடம்’ எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை உங்கள் பதிவுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

அன்புடன்