விஸ்கி, எலுமிச்சை, ஒரு கொத்து ரோஸ்மேரி: வீட்டில் கலந்தவர்களின் அனுபவங்கள்

லூயிவில், கென்டக்கியிலிருந்து:

பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வடிக்கும் போர்பன் விஸ்கியின் ஊரிலேயே குடியிருப்பதால் முதலில் நானே தொடங்குகிறேன். மே மாதத்தின் முதல் சனிக்கிழமை இங்கே டெர்பி குதிரைப் பந்தயம். அன்று வீட்டுக்கு வீடு மின்ட் ஜூலெப் கலப்பார்கள். போர்பன், சர்க்கரை, புதினா, நொறுக்கிய ஐஸ், அவ்வளவுதான். ஒரு டெர்பி நாளில் பக்கத்து வீட்டுப் பாட்டி என்னை அழைத்துப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு கலந்து காட்டினார். நான் புதினாவை இடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவரோ கொத்தை உள்ளங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டி, ஐஸ் மேல் செருகிவிட்டார். "மூக்கு குடிக்கட்டும், நாக்குக்குப் பிறகு வரும்" என்றார். மூலிகை சேர்த்த எந்தக் கலவைக்கும் நான் பின்பற்றுகிற விதி அதுதான்.

புதினாவை நசுக்கினால் இலைக்குள் இருக்கும் பச்சைக் கசப்பு இறங்கிவிடும். வாசனை எண்ணெய் இலையின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அதை எழுப்ப ஒரு தட்டு போதும்.

ஜூலெப்பில் புளிப்பு இல்லை. எனக்குப் புளிப்பு வேண்டும். ஜூலெப்பின் தம்பி என்று சொல்லத்தக்க ஸ்மாஷ் 19ஆம் நூற்றாண்டிலேயே அமெரிக்க மதுக்கூடங்களில் இருந்தது. 1862இல் ஜெர்ரி தாமஸ் என்ற மதுக்கூடக்காரர் வெளியிட்ட செய்முறை நூலிலும் அது உண்டு. அதில் எலுமிச்சையைத் துண்டாகப் போட்டு நசுக்கும் இன்றைய வடிவத்தைப் பரப்பியவர் நியூயார்க்கின் மதுக்கூடக்காரர் டேல் டிகிராஃப். நான் வீட்டில் செய்வது அதற்குப் பக்கத்து வழி. புதினாவுக்குப் பதில் ரோஸ்மேரி, அதுவும் பாகின் வழியாக.

ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். கம்பிப் பதமெல்லாம் வேண்டாம். சர்க்கரை கரைந்து ஒரு கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, விரல் நீளத்தில் இரண்டு ரோஸ்மேரிக் கொத்துகளைப் போட்டு மூடிவிடுவேன். கால் மணி நேரம் கழித்து ருசி பார்க்க வேண்டும். வாசனை போதுமென்று தோன்றிய உடனே கொத்தை எடுத்துவிட வேண்டும், சோம்பக் கூடாது. பாகு ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு வாரம் வரும்.

கலப்பதற்கு 60 மில்லி போர்பன், 20 மில்லி மஞ்சள் எலுமிச்சைச் சாறு, 20 மில்லி பாகு. ஷேக்கர் என்கிற மூடியுள்ள குலுக்கும் குவளை நிறைய ஐஸ் போட்டு, கை உறையும்வரை பதினைந்து விநாடி குலுக்க வேண்டும். சாறு சேர்ந்த கலவையைக் கரண்டியால் கிளறினால் ஒட்டாது, குலுக்கத்தான் வேண்டும். குலுக்கும்போது உருகிச் சேரும் தண்ணீரும் இந்தப் பானத்தின் ஒரு பொருள்தான். அது இல்லாவிட்டால் தொண்டை எரியும். பெரிய ஐஸ் கட்டி மேல் வடிகட்டி, கடைசியாகப் புதிய கொத்து ஒன்றைத் தட்டிச் செருகுங்கள்.

ஏன் நேராக விஸ்கி பாட்டிலுக்குள்ளேயே ரோஸ்மேரியை ஊறவைப்பதில்லை என்று நண்பர்கள் கேட்பார்கள். ஆல்கஹால் தண்ணீரைவிடப் பல மடங்கு வேகமாக எண்ணெயை இழுக்கும். ரோஸ்மேரியில் கற்பூரமும் சினியோல் என்ற வாசனைப் பொருளும் இருக்கின்றன. யூகலிப்டஸ் எண்ணெயின் வாசனையும் அதே சினியோல்தான். இரவு முழுவதும் ஊறினால் நல்ல போர்பன் தலைவலித் தைலமாகிவிடும். போர்பனுக்கு உள்ளே கரி படியச் சுட்ட புதிய ஓக் பீப்பாய் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. அந்த மரம் தந்த வெனிலா மணத்தை ஒரு செடியை விட்டு மூடுவதற்கு எனக்கு மனம் வராது.

கோத்தகிரியிலிருந்து:

லூயிவில் அண்ணாவுக்கு வணக்கம். நீலகிரியில் ரோஸ்மேரியும் தைமும் தோட்டப் பயிர்களாகவே விளைகின்றன. எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு புதர் நிற்கிறது. மூலிகைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அண்ணா சொல்லும் மஞ்சள் எலுமிச்சை இங்கே எல்லா நாளும் கிடைப்பதில்லை. சந்தையில் இருப்பது நம் உருண்டை எலுமிச்சை. அது வேறு பழம், புளிப்பும் கூர்மை. அதே 20 மில்லி ஊற்றினால் விஸ்கி காணாமல் போய்விடும். நான் 15 மில்லியோடு நிறுத்திக்கொள்கிறேன். பழத்தைத் தோலோடு போட்டு நசுக்குவதும் நம் எலுமிச்சைக்கு ஒத்துவராது. தோலின் கசப்பு முழுவதும் இறங்கிவிடும். விதையையும் வடிகட்டிவிட வேண்டும். ஊறுகாய் போடுகிறவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

விஸ்கி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் மலிவாகக் கிடைக்கும் விஸ்கிகள் பலவற்றில் கரும்புச் சர்க்கரைப் பாகுக் கழிவிலிருந்து வடித்த ஸ்பிரிட் கலந்திருக்கும். பீப்பாயின் மணம் குறைவு. அவற்றுக்கு ரோஸ்மேரி பலமான துணை, தைம் இன்னும் இணக்கமான துணை. பெங்களூரின் அம்ருத் போன்ற சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியிலிருந்து மட்டும் வடித்த விஸ்கியை, இதில் ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். அங்கே வெயிலில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குப் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆவியாகப் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தில் இரண்டு சதவீதம் அளவுதான். அப்படி இழந்து எஞ்சியதைச் சிறிது தண்ணீர் விட்டு அப்படியே குடிப்பதுதான் அதற்குச் செய்யும் மரியாதை.

இன்னொன்று. கருப்பட்டிப் பாகு செய்து பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கருப்பட்டி தனியாக நின்றால் அழகு. ரோஸ்மேரியோடு சேர்த்தால் இரண்டும் மல்லுக்கட்டும். கருப்பட்டிக்கு இஞ்சியைத் துணைக்கு வையுங்கள்.

டொராண்டோவிலிருந்து:

எங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஆரஞ்சு, தைம், தேன். தேனைச் சம அளவு வெந்நீரில் கரைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் ஐஸ் பட்டதும் ஷேக்கரின் அடியில் கட்டியாக உறைந்து கிடக்கும். ஆரஞ்சுச் சாறு மட்டும் போதாது, அதில் புளிப்பு மிகக் குறைவு. இரண்டு பங்கு ஆரஞ்சுக்கு ஒரு பங்கு எலுமிச்சை சேர்த்தால்தான் பானம் எழுந்து நிற்கும். சாற்றைக் காலையிலேயே பிழிந்து வைத்துவிடாதீர்கள். விதையில்லாத நேவல் ஆரஞ்சின் சாறு நேரம் போகப் போகக் கசக்கும்.

நான் மது குடிப்பதில்லை. விருந்தினருக்குக் கலந்து கொடுப்பது என் வேலை. எனக்கும் மாமியாருக்கும் விஸ்கி இருக்கும் இடத்தில் ஆறவைத்த கடுந்தேநீர். தேயிலையின் துவர்ப்பு பீப்பாயின் துவர்ப்பு நிற்கும் இடத்தில் நிற்கிறது. "மருமகளே, இன்னொரு டம்ளர்" என்று அத்தை கேட்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. அதே தைம், அதே தேன், அதே கண்ணாடிக் குவளை. குடிக்காதவர்கள் கையில் சோடா பாட்டிலைத் திணித்து ஓரமாக உட்காரவைப்பது எனக்குப் பிடிக்காது.

மதுரையிலிருந்து:

மருந்தாளராக ஒரு சொல். இனிப்பும் புளிப்பும் சேர்ந்தால் மதுவின் காரம் தெரியாது. ஆனால் 42.8 சதவீத விஸ்கி 60 மில்லியில் ஏறத்தாழ 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இரண்டாவது குவளை சுலபமாக இறங்கிவிடும். தூக்க மாத்திரையோ வலிப்பு மருந்தோ எடுப்பவர்கள் தொடவே வேண்டாம். விருந்தினர் வீடு திரும்பும் வண்டியை யார் ஓட்டுவது என்று முதல் குவளைக்கு முன்பே முடிவாகட்டும். செடியை நர்சரியில் வாங்கினால் உடனே கிள்ளிப் போடாதீர்கள். பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். சில வாரம் வீட்டில் வளர்த்து, புதிதாக வந்த துளிரை எடுங்கள். நுரைக்காகப் பச்சை முட்டை வெள்ளைக்கரு சேர்க்கும் வழக்கமும் உண்டு. கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மதுவே குடிக்கப் போவதில்லை, ஆனால் முதியவர்களுக்காகக் கலக்கும்போது அதைத் தவிர்த்துவிடுங்கள்.

ஒரு கேள்வியும் உண்டு. எங்கள் வீட்டில் நார்த்தை மரம் இருக்கிறது. அம்மா அதன் இலையில் வேப்பிலைக்கட்டி இடிப்பார். அந்த இலையை இதில் பயன்படுத்தலாமா?

கோத்தகிரியிலிருந்து மீண்டும்:

தாராளமாக. கொழுந்தாகப் பார்த்து எடுங்கள், நடு நரம்பை உருவிவிடுங்கள், ரோஸ்மேரிக்குச் சொன்னபடியே பாகில் போடுங்கள். புளிப்பில்லாமல் மணம் மட்டும் தரும் இலை அது, எனவே எலுமிச்சை அளவைக் குறைக்க வேண்டாம். முதலில் நாலே இலை போட்டுப் பாருங்கள்.