தலைக்காய சிடி: வாட்ஸ்அப் போட்டோ போதுமா?

கேஷுவாலிட்டி_டியூட்டி:
ராத்திரி 2 மணி, ரேடியாலஜிஸ்ட் வேற ஊர்ல. கன்சோல் ஸ்கிரீனைப் போன்ல படம் பிடிச்சு அனுப்ப அரை நிமிஷம். பெரிய எபிடூரலும் (மண்டையோட்டுக்கும் மூளையோட வெளி உறைக்கும் நடுவுல தேங்குற ரத்தம்), மூளையோட நடுக்கோடு விலகினதும் அதுலயே தெரியும். டைகாம் (ஸ்கேனரோட அசல் படக் கோப்பு) ஏறி முடியுற வரைக்கும் நோயாளி காத்துக் கிடக்கணுமா?

ரிப்போர்ட்டிங்_டாக்டர்:
பெரிய ரத்தக்கட்டி தெரியும் சார், மறுக்கல. மண்டையோட்டை ஒட்டி மெல்லிசாப் படிஞ்ச சப்டூரல்தான் (அந்த உறைக்கு உள்பக்கம் தேங்குற ரத்தம்) தப்பிப்போகும். மூளை விண்டோ (ஸ்கிரீன்ல சாம்பலாக் காட்டுற எண் வரம்பு) அகலம் 80, நடு 40. அதாவது 0லேருந்து 80 ஹவுன்ஸ்ஃபீல்ட் (சிடியோட அடர்த்தி எண்) வரைக்கும்தான் சாம்பல். அதுக்கு மேல எல்லாமே வெள்ளை. புது ரத்தம் 60, 70னு நிக்கும். எலும்பு வெள்ளை, பக்கத்துல ரத்தமும் கிட்டத்தட்ட வெள்ளை. அகலத்தை 200க்குக் கூட்டினா ரெண்டும் பிரிஞ்சு தெரியும். போட்டோவுல அந்த அடர்த்தி எண்ணே இல்லையே, எதைக் கூட்டுறது? எலும்பு முறிவும் அப்படித்தான்.

கேஷுவாலிட்டி_டியூட்டி:
சரி, எங்க லைன்ல அப்லோடு 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்). என்ன பண்றது?

பேக்ஸ்_வேலை:
ஒரு சிலைஸ் (ஒரு குறுக்குவெட்டுப் படம்) 512×512, பிக்சலுக்கு 2 பைட், அரை எம்பி (மெகாபைட்). 5 மிமீ தடிமன் சீரிஸ் 30 சிலைஸ்னா 15 எம்பி, ஒரே நிமிஷம். 0.625 மிமீ சீரிஸ் 250 சிலைஸ், 125 எம்பி, எட்டு நிமிஷத்துக்கு மேல. பல இடத்துல மெல்லிசு சீரிஸ் முன்னால போய் லைனை அடைச்சுக்கும். "டைகாம் ஸ்லோ"ங்கிற பேச்சு அதனாலதான். 5 மிமீ, எலும்பு சீரிஸ் ரெண்டும் முதல்ல, மிச்சம் பின்னால.

கேஷுவாலிட்டி_டியூட்டி:
நைட்ல ஒரே டெக்னீஷியன். அனுப்ப யார் உட்காருவா?

பேக்ஸ்_வேலை:
யாரும் வேண்டாம். ஒரு பிசில ஆர்தாங்க் (டைகாம் படங்களை வாங்கி வைக்கிற இலவச சர்வர்) போட்டு, ஸ்கேனர்ல அதோட ஏஇ டைட்டில் (டைகாம்ல அதுக்கு வச்ச பேரு), ஐபி, போர்ட் 4242 கொடுங்க. எக்கோ டெஸ்ட் (ரெண்டும் பேசிக்குதான்னு பார்க்கிற சோதனை) பாஸ் ஆனதும் ஆட்டோ சென்ட் ஆன் பண்ணுங்க. வெளியூர்லேருந்து பார்க்க வயர்கார்ட் விபிஎன் (என்கிரிப்ட் பண்ணின தனி வழி). அவசரத்துக்குன்னு ரவுட்டர்ல 4242ஐத் திறந்து விடாதீங்க; டைகாம் சாதாரணமா என்கிரிப்ஷன் இல்லாமத்தான் ஓடும், பேஷண்ட் பேரு, வயசு எல்லாம் அப்படியே வெளிய போகும்.

கேஷுவாலிட்டி_டியூட்டி:
போடுறேன். ஆனா நியூரோசர்ஜனை எழுப்ப போட்டோதான் அனுப்புவேன், அதை விடமாட்டேன்.

ரிப்போர்ட்டிங்_டாக்டர்:
எழுப்ப அனுப்புங்க, தப்பில்ல. பேரை மட்டும் மறைச்சிடுங்க. "நார்மல்"னு போட்டோவைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பாதீங்க, அவ்வளவுதான் கேட்கிறேன்.

பேக்ஸ்_வேலை:
ரவுட்டரையும் அந்தப் பிசியையும் யுபிஎஸ்ல மாட்டிடுங்க. கரண்ட் போனா ஸ்கேனர் மட்டும் ஓடி, படம் உள்ளேயே நின்னுடும்.