555 நோட்டை முக்கோணத்தில் எங்கே வைப்பது?

வணக்கம். சிங்கப்பூர் துவாஸில் ஒரு கிடங்கில் வேலை. மாலையில் தகவல் முறைமைத் துறையில் முதுகலை படிக்கிறேன். மனிதர்கள் கருவிகளோடும் மற்றவர்களோடும் சேர்ந்து வேலை செய்வதை ஆராயும் செயற்பாட்டுக் கோட்பாட்டில் (activity theory) மாட்டிக்கொண்டு விழிக்கிறேன். தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

எங்கள் கிடங்குக்குப் புதிய சரக்குக் கணக்கு மென்பொருள் வந்து ஐந்து மாதமாகிறது. ஸ்கேனரில் பதிந்த கையோடு பட்டுக்கோட்டை அண்ணன் ஒருவர் சட்டைப் பையிலிருந்து 555 நோட்டை (கையடக்கக் குறிப்பேடு) எடுத்து, “மூன்றாம் தட்டு, ஈரம், மேலே அடுக்காதே” என்று பென்சிலால் எழுதுகிறார். இரவு ஷிஃப்ட் ஆட்கள் வந்ததும் கேட்பது அந்த நோட்டைத்தான். திரையில் ஈரத்துக்கு ஏது கட்டம்?

இந்தக் கோட்பாட்டுக்கு எங்கெஸ்ட்ரோம் என்ற ஃபின்லாந்து ஆய்வாளர் 1987இல் தந்த முக்கோண வரைபடத்தில் செய்பவர், கருவி, இலக்குப்பொருள், விதிகள், சமூகம், வேலைப் பிரிவினை என ஆறு கூறுகள். நோட்டும் ஸ்கேனரும் கருவிகள், அதுவரை புரிகிறது. ஆனால் மேலாளரின் இலக்குப்பொருள் சரியான எண்ணிக்கை, அண்ணனுக்கோ கெடாத சரக்கு. இதை ஒரே முக்கோணத்துக்குள் முரண்பாடாகக் காட்டுவதா, இரண்டு முக்கோணங்களாக வரைந்து இணைப்பதா? (‘இலக்குப்பொருள்’ என்பது object என்பதற்கு நான் ஒட்டவைத்த சொல்; வேலை எதன்மேல், எதற்காக நடக்கிறதோ அது. வெறும் ‘பொருள்’ என்றால் பெட்டி நினைவுக்கு வருகிறது. ‘நோக்கம்’ என்றால் சரக்கே காணாமல் போகிறது. நல்ல சொல் இருந்தால் கொடுங்கள்.)

இன்னொன்று. “நோட்டை அப்படியே திரைக்குள் கொண்டுவா” என்கிறார் மேற்பார்வையாளர். திரைக்கு வந்தால் மேலாளர் படிப்பார். அண்ணன் எழுதுவதை நிறுத்திவிடுவார் என்பது என் சந்தேகம். முரண்பாட்டைக் கண்டுபிடித்த பிறகு வடிவமைப்புத் தேவைகளை எழுதியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? உங்கள் வரைபடம் ஒன்றைப் பார்த்தாலே போதும்.

வியாழன் இரவுக்குள் சொன்னால் புண்ணியம். தேக்காவில் தேநீர் என் செலவு.