புதுப்பிப்பு: சிவப்புச் சீட்டு வண்டு ஹோலோடைப் இல்லை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. விஷயம் தீர்ந்தது.

கேள்வி இதுதான்: ஊசியில் குத்திய பழைய வண்டு ஒன்றில் 'டைப்' (இனப் பெயருக்கு ஆதாரமான மாதிரி) என்று சிவப்புச் சீட்டு இருந்தது. அந்த இனத்துக்கு முதன்முதலில் பெயரிட்ட மூல விவரிப்பிலோ எத்தனை மாதிரிகளைப் பார்த்தார்கள் என்று ஒரு வரிகூட இல்லை. அட்டவணையில் ஹோலோடைப், அதாவது பெயருக்கு ஆதாரமான ஒரே மாதிரி, என்று எழுதலாமா?

சீட்டை நம்பச் சொன்னவர்கள் மன்னிக்கவும். கைகொடுத்தது "அளவுகளைப் பாருங்கள்" என்ற யோசனைதான். விவரிப்பில் உடல் நீளம் 7–8 மி.மீ. என்று இருக்கிறது. ஒரே வண்டுக்கு இரண்டு நீளம் எப்படி வரும்? ஆக, குறைந்தது இரண்டு மாதிரிகள், எல்லாமே சின்டைப், அதாவது பெயருக்குச் சேர்ந்தே ஆதாரமாக நிற்கும் மாதிரிகள்.

எதிர்பாராதது அப்புறம் வந்தது. சீட்டுகளை ஊசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றிப் படம் எடுத்து, வரிசை மாறாமல் திரும்பக் குத்தினேன். சேகரித்த இடமும் நாளும் பழுப்பேறிய மையில், கையெழுத்தில். சிவப்புச் சீட்டில் தட்டச்சு. பின்னால் யாரோ செருகியது போலிருக்கிறது. அதே கையெழுத்து, அதே நாளோடு இன்னொரு வண்டு பக்கத்து இழுப்பறையில், பெயர் தீர்மானிக்காதவற்றோடு கிடந்தது! வலது முன்கால் மட்டும் இல்லை.

ஒன்றை லெக்டோடைப் (சின்டைப்களிலிருந்து பின்னால் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆதார மாதிரி) ஆக்கலாமே என்றும் ஒருவர் கேட்டிருந்தார். இரண்டும் ஒரே இனம் என்பதில் குழப்பம் இல்லாததால் ஆக்கவில்லை. ஆக்குபவர்கள் சர்வதேச விலங்குப் பெயரிடல் விதித்தொகுப்பின் 74.3ஆம் பிரிவைப் பாருங்கள்: ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாகத்தான் குறிக்க வேண்டும், மொத்தமாக ஒரே வரியில் அறிவித்தால் செல்லாது.