சயனைடு மேட்டில் பாக்டீரியா தெளித்தால் தூசு நிற்குமா?

மாரிக்குப்பத்தான்:
"யூரியா, கால்சியம் குளோரைடு கரைசலோடு பாக்டீரியாவைத் தெளித்தால் கோலார் தங்கவயலில் தங்கம் பிரித்தபின் கொட்டிய கழிவான சயனைடு மேடுகள் இறுகிவிடும், தூசுத் தொல்லை தீர்ந்தது" என்று நேற்று மண்வாசி எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை. நான் அந்த மேட்டடியில் வளர்ந்தவன். 2001இல் சுரங்கத்தை மூடினார்கள், மேடு அப்படியே நிற்கிறது. காற்றுக்காலத்தில் சோற்றுத் தட்டில் பொடி படியும். சரி, கணக்குக்கு வருவோம். பாக்டீரியா 60 கிலோ யூரியாவை முழுதும் சிதைத்தால், துகள்களை ஒட்டவைக்கும் கால்சியம் கார்பனேட் 100 கிலோ படியும். கூடவே 34 கிலோ அம்மோனியா வரும். அந்த 34 கிலோ எங்கே போகும்?

மண்வாசி:
34 இல்லை, 28 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்). அந்த மேட்டில் தழைச்சத்துக்கே பஞ்சம். நாளைக்கு நடப்போகும் செடிக்கு அதுதான் சாப்பாடு. நான் சொன்ன பாக்டீரியா, ஸ்போரோசார்சினா பாஸ்டூரி, மணலை ஒட்டும் என்பதை நெதர்லாந்தில் 100 கன மீட்டர் மணலிலேயே செய்து காட்டிவிட்டார்கள். நீங்கள் இன்னும் சோற்றுத் தட்டிலேயே நிற்கிறீர்கள் தம்பி.

மாரிக்குப்பத்தான்:
தம்பி என்று கூப்பிடாதீர்கள், எனக்கு 58 வயது. சோற்றுத் தட்டைப் பற்றிப் பேச, அதில் சாப்பிட்டிருக்க வேண்டும். அங்கே செய்தது மணலில். இங்கே கிடப்பது மாவாக அரைத்த கல். மேலோடுதான் இறுகும். நாலு ஆடு ஏறினால் அதுவும் உடையும். அம்மோனியம் மண்ணில் நைட்ரேட்டாக மாறி மழையோடு கிணற்றுக்கு இறங்கும். 34 கிலோ அம்மோனியாவில் இருக்கும் தழைச்சத்துதான் உங்கள் 28, இரண்டும் ஒரே கணக்கு. 34 கிலோவுக்குப் பதில் சொல்லுங்கள்.

வேர்ப்பூஞ்சை:
இரண்டு பேரும் யூரியாவை விடுங்கள். நாக்பூர் பக்கம் கும்காவ் மாங்கனீசுக் கழிவில் நீரி (தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம்) ஆய்வகத்தார் கரும்பாலைக் கழிவான பிரஸ்மட், காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் பிராடிரைசோபியம், அசோடோபாக்டர் பாக்டீரியாக்கள், வேர்ப்பூஞ்சை எல்லாம் சேர்த்து மரமே வளர்த்தார்கள்.

மண்வாசி:
வந்துவிட்டார். போன மாதம் மண்புழு உரம் பற்றிய பேச்சிலும் இப்படித்தான் குறுக்கே விழுந்தீர்கள். மாங்கனீசுக் கழிவும் தங்கக் கழிவும் ஒன்றா? அங்கே பிரஸ்மட்டும் போட்டார்கள், உங்கள் பூஞ்சை மட்டும் இல்லை.

வேர்ப்பூஞ்சை:
அன்றைக்கும் நீங்கள்தான் பதில் சொல்லாமல் ஓடினீர்கள். பூஞ்சை வேரோடு சேராவிட்டால் அந்த மண்ணில் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) யார் எடுத்துக் கொடுப்பது?

மாரிக்குப்பத்தான்:
உங்கள் பழைய சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மரம் வளரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் வேர் பிடிக்கும் வரை தூசு பறக்குமே, அதற்கு யார் பொறுப்பு? அதைக் காட்டித்தான் யூரியாவை இறக்கப் பார்க்கிறார் இவர். அம்மோனியத்தைக் கழுவி எடுத்துவிடலாம் என்பார் அடுத்து. மேட்டைக் கழுவிய தண்ணீரை எங்கே பிடித்து வைப்பீர்கள்? எங்கள் ஊரில் குடிக்கவே தண்ணீர் இல்லை. மூன்றாவது முறையாகக் கேட்கிறேன், 34 கிலோ எங்கே போகும்?

மண்வாசி:
34 இல்லை, 28. முதலில் அதைத் திருத்திவிட்டுப் பேசுங்கள்.