டல்லாஸ் – சான் டியாகோ ஆர்வி பயணம்: டீசல் கேலனுக்கு 6 மைல்தான் கிடைக்கிறது, உதவுங்கள்

மேற்கேபோகிறோம்

வணக்கம். மூன்று மாதம் முன்பு ஒரு பழைய டீசல் மோட்டார்ஹோம் வாங்கினோம்; படுக்கை, சமையலறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி, ஆர்வி என்பார்களே, அதுதான். 2008 மாடல், 36 அடி, இன்ஜின் பின்னால். கம்மின்ஸ் 6.7, 340 குதிரைசக்தி, அலிசன் ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 100 கேலன் டேங்க். பின்னால் ஒரு சின்னக் காரையும் இழுத்துக்கொண்டு போகிறோம்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு இரண்டு முழங்காலும் போச்சு, காரில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாது. பசிபிக் கடலை அவருக்குக் காட்ட வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை. படுத்துக்கொண்டும் காலை நீட்டிக்கொண்டும் வரட்டும் என்றுதான் ஆர்வி.

விற்றவர் கேலனுக்கு 8 மைல், ஓட்டுகிற விதத்தில் ஓட்டினால் 8.5 என்றார். டல்லாஸில் டேங்கை முழுக்க நிரப்பிக் கிளம்பினோம். இப்போது டெக்சஸ் மேற்குக் கோடியில், வான் ஹார்னில் நிற்கிறோம். 512 மைல் ஓடி, மறுபடி நிரப்ப 84.6 கேலன் பிடித்தது. 6.05 வருகிறது.

இதில் இன்னொரு கஷ்டம். கார்கள் போடும் பம்பில்தான் போட்டேன். கார்டு 125 டாலருக்கு நின்றுவிட்டது, மூன்று முறை தேய்க்க வேண்டியிருந்தது. வங்கிக் கணக்கில் மூன்று தொகையும் முடங்கிக் கிடக்கின்றன. போட்டு முடித்த பிறகு பார்த்தால், பின்பக்கம் லாரிகள் போடும் இடத்தில் கேலனுக்கு 46 சென்ட் குறைவு! அதே டீசல், அதே கடை.

இப்படியே போனால் திரும்பி வருவதற்குள் பட்ஜெட் தாண்டிவிடும். வண்டியில் கோளாறா, நான் ஓட்டுவதில் கோளாறா என்றே தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

டூசான் அக்கா

தம்பி, பயப்படாதீங்க. நாங்களும் முதல் வருஷம் இப்படித்தான் முழித்தோம். சில விஷயம் தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது. என்ன வேகத்தில் ஓட்டினீங்க? ஜெனரேட்டர் ஓடிச்சா, எத்தனை மணி நேரம்? டயர் காற்று எப்போ பார்த்தீங்க, வண்டி குளிர்ந்திருக்கும்போதா ஓடி நின்ற பிறகா? எதிர்காற்று இருந்ததா? மேட்டில் ஏறும்போது புகை, புதுச் சத்தம் ஏதாவது?

மேற்கேபோகிறோம்

அக்கா, வேகம் 72-க்குக் குறையவில்லை. பலகையில் 80 போட்டிருக்கிறது, எல்லோரும் முந்திக்கொண்டு போகிறார்கள். காற்று எதிரேதான், ஸ்டியரிங்கைப் பிடித்துப் பிடித்துத் தோள் வலிக்கிறது.

ஜெனரேட்டர் சுமார் 9 மணி நேரம் ஓடியது. அம்மாவுக்கு வெயில் தாங்கவில்லை, அதனால் மேலே இருக்கிற ஏசியை ஓடும்போதும் போட்டிருந்தோம். மதியம் இன்டக்‌ஷன் அடுப்பில் சமையல் வேறு. டயர் காற்று, வண்டி வாங்கும்போது பார்த்ததுதான். சத்தம் என்று கேட்டதால் சொல்கிறேன்: மேட்டில் அழுத்தும்போது பின்னாலிருந்து விசில் மாதிரி ஒன்று கேட்கிறது. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போவின் சத்தம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

வடக்குலாரி

தம்பி, நான் ரொறன்ரோ. 14 வருசமா ட்ரக் ஓடுறன், உந்த ஐ-10 றோட்டு எனக்கு நல்ல பழக்கம். அக்கா கேட்ட கேள்வியளுக்கு நீங்கள் சொன்ன பதிலுக்குள்ளயே பாதி விடை கிடக்கு.

முதல்ல கணக்கைச் சரியாப் பிரியுங்கோ. ஜெனரேட்டர் உங்கட பெரிய டேங்கிலதான் குடிக்குது. ஏசி, அடுப்பு எண்டு ஓடினா மணித்தியாலத்துக்கு அரைக் கேலனுக்கு மேல போகும். 9 மணித்தியாலத்துக்கு 5 கேலன் எண்டு வையுங்கோ. அதைக் கழிச்சா வண்டி ஓடினதுக்கு 6.4 வருது. அடுத்தது, டல்லாஸ் கடல் மட்டத்தில இருந்து 430 அடி, வான் ஹார்ன் 4,000 அடி. பாக்கச் சமதரை மாதிரி இருக்கும், ஆனா நீங்கள் நாள் முழுக்க ஏறிக்கொண்டுதான் வந்திருக்கிறியள். உந்த ஒரு துண்டை மட்டும் வைச்சு வண்டியைக் குறை சொல்ல ஏலாது.

வேகம்தான் பெரிய கள்ளன். உங்கட வண்டியின்ர முகப்பு ஒரு வீட்டுச் சுவர். காத்துத் தடை வேகத்தின்ர வர்க்கத்தோட ஏறும். 72-ல இருந்து 63-க்கு இறக்கினா அந்தத் தடையில கிட்டத்தட்டக் கால்வாசி இல்லாமப் போகும். 500 மைலுக்கு ஒரு மணித்தியாலம் கூடப் பிடிக்கும், வேற நட்டமில்லை. எதிர்க்காத்து 20 மைல் அடிக்கேக்க நீங்கள் 72-ல போனா, வண்டி 92-ல காத்தை முட்டுது எண்டு நினையுங்கோ. வசந்த காலத்தில உந்தப் பக்கம் பின்னேரம்தான் காத்து எழும்பும். விடிய 5 மணிக்கு வெளிக்கிட்டு, மத்தியானம் ஒரு மணிக்கு முன்னம் நிப்பாட்டுங்கோ. அப்பாவின்ர காலுக்கும் அது நல்லது.

கியர் பட்டன்களுக்குப் பக்கத்தில 'மோட்' எண்டு ஒண்டு இருக்கும். சமதரையில அதை அமத்திவிட்டா ஆறாவது கியருக்கு வேளைக்கே போகும், இன்ஜின் சுத்துறது குறையும். மலை ஏறேக்க நிப்பாட்டிப்போடுங்கோ, இல்லாட்டி கியர் மேலயும் கீழயும் அலையும்.

இனி அந்த விசில். அதை விடாதேங்கோ தம்பி. டர்போவில இருந்து காத்தைக் குளிராக்கிற கூலருக்குப் போற தடிச்ச ரப்பர் குழாய் இருக்கு, கூலரில இருந்து இன்ஜினுக்கு இன்னொண்டு. அந்தக் குழாயளின்ர கிளிப் தளர்ந்தா காத்து ஒழுகும். டீசல் அதேயளவு போகும், சக்தி வராது, நீங்கள் இன்னும் அமத்துவியள். புகை வடிகட்டியும் கெதியா அடைபடும், அதைச் சுட்டுத் துப்புரவாக்க இன்னும் டீசல் எரியும். இன்ஜினை நிப்பாட்டி, ஆறவிட்டு, டோர்ச் அடிச்சுப் பாருங்கோ. கிளிப்புக்குக் கிட்ட எண்ணெய் கசிஞ்சு, அதில புழுதி ஒட்டிக் கறுப்பா இருந்தா அதுதான் இடம்.

சிக்கனம்78

விவசாயத்துக்குக் கொடுக்கும் சிவப்பு டீசல் வரி இல்லாமல் ரொம்ப மலிவு. கிராமப்புறத்தில் கேட்டால் போடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். அதை முயற்சி செய்யலாமே?

வடக்குலாரி

தயவுசெய்து செய்யாதேங்கோ. அது சாலையில ஓடுற வண்டிக்குச் சட்டவிரோதம். பிடிபட்டா மத்திய அரசின்ர தண்டம் மட்டும் 1,000 டாலர், அல்லது கேலனுக்கு 10 டாலர், எது கூடவோ அது. மாநிலத் தண்டம் வேற. டேங்குக்குள்ள குழாய் விட்டு எடுத்துப் பாப்பினம். அந்தச் சாயம் ரெண்டு தரம் நல்ல டீசல் அடிச்சாலும் கழுவுப்படாது.

டூசான் அக்கா

பம்பு விஷயத்துக்கு நான் வரேன்.

லாரி நிற்கும் வரிசைக்கு ஆர்வியும் போகலாம். நிறைய பேருக்கு அது தெரியறதில்லை, கூச்சம் வேற. அங்கே மேல்கூரை உயரம், இரண்டு பக்கமும் பம்பு, டீசல் சீறிக்கிட்டு வரும். உங்க 85 கேலன் சில நிமிஷத்தில் முடிஞ்சிடும். சாதாரண கார்டை அந்தப் பம்பு பல இடத்தில் எடுக்காது. உள்ளே போய் கவுண்டரில் பம்பு நம்பரைச் சொல்லி, ஆர்வி என்று சொல்லி, கார்டைக் கொடுத்தா திறந்துவிடுவாங்க. ஃப்ளையிங் ஜே மாதிரி நெடுஞ்சாலைப் பெரிய பங்குகளில் ஆர்விக்கென்றே தனி வரிசையும் உண்டு, ஆனா அங்கே விலை கார் பக்கத்து விலையா லாரி பக்கத்து விலையா என்று கேட்டுட்டுப் போடுங்க. பெரிய பலகையில் இருக்கிறது பெரும்பாலும் ரொக்க விலை. கார்டுக்கு வேற விலை இருக்கலாம்.

போட்டு முடிச்சதும் வண்டியை முன்னால் நகர்த்திட்டு அப்புறம் ரசீது வாங்கப் போங்க. லாரி ஓட்டறவங்களுக்கு ஒரு நாள் வேலைக்கு 14 மணி நேரக் கணக்கு ஓடிட்டே இருக்கும். அவங்க நேரத்தை நாம எடுக்கக் கூடாது.

வீட்டுக்குப் போனதும் டிஎஸ்டி லாஜிஸ்டிக்ஸின் ஓப்பன் ரோட்ஸ் கார்டுக்கு எழுதிப்போடுங்க. டீசலுக்கு மட்டும்தான் தள்ளுபடி. வங்கிக் கணக்கிலிருந்து நேரா எடுத்துக்குவாங்க, நீங்க மிச்சம் பிடிச்சதில் ஒரு சின்னப் பங்கு அவங்களுக்கு. கார்டு தபாலில் வரணும், அதனால் இந்தப் பயணத்துக்கு ஆகாது.

இந்தப் பயணத்துக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கு. கலிஃபோர்னியாவில் ஒரு சொட்டுகூடப் போடாதீங்க. வரியும் அந்த மாநிலத்து டீசல் விதிகளும் சேர்ந்து நாட்டிலேயே விலை உச்சத்தில் இருக்கும் இடங்களில் ஒன்று அது. டூசான் தாண்டினதும் ஐ-10 விட்டு ஐ-8 பிடிச்சா அரிசோனா எல்லையில் யூமா வரும். அங்கே டேங்கை வழிய வழிய நிரப்புங்க. யூமாவிலிருந்து சான் டியாகோ 172 மைல். போக வர 345. நடுவில் கடல் மட்டத்திலிருந்து 4,000 அடிக்கு மேல் ஏற்றம் இருக்கு, கேலனுக்கு 6.5 என்றே வைங்க. 53 கேலன் போதும். கேம்ப்கிரவுண்டில் ஆர்வியை நிறுத்திட்டு, ஊர் சுத்த உங்க சின்னக் காரை எடுங்க.

டேங்க் கால்வாசிக்குக் கீழே போனா ஜெனரேட்டர் தானா நின்னுடும். வண்டி வழியில் நிற்காம இருக்க அப்படித்தான் அதன் குழாயை வெச்சிருப்பாங்க. உங்களுக்கு அந்த அளவுக்குப் போகாது. இன்னொன்று, கலிஃபோர்னியாவில் பின்னால் வண்டி இழுத்தா 55-தான் வேகம்.

ஈரோட்டுக்காரன்

தண்ணீர்த் தொட்டியை முழுக்க நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். 90 கேலன் தண்ணீர் 750 பவுண்டு எடை.

வடக்குலாரி

அது சரிதான், ஆனா 28,000 பவுண்டு வண்டியில அது மூண்டு வீதமும் வராது. பாலைவனத்தில வயசான ஆக்களோட போறவை தண்ணியில மிச்சம் பிடிக்க வேண்டாம். அதைவிட டயரைப் பாருங்கோ. பெரிய ட்ரக் ஸ்டொப்பில 'கேட்' தராசு இருக்கும், முன் அச்சு பின் அச்சு தனித்தனியா நிறுத்துத் துண்டு தருவினம். டயர் கம்பனியின்ர அட்டவணையில அந்த எடைக்கு எவ்வளவு காத்து எண்டு பாத்து, விடிய ஓட முன்னம் அடியுங்கோ. பின்னுக்கு ரெட்டைச் சில்லில உள்பக்கச் சில்லை ஒருத்தரும் பாக்கிறேல்லை, அதையும் பாருங்கோ.

மேற்கேபோகிறோம்

டூசானிலிருந்து எழுதுகிறேன். உங்கள் எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

கூலரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் குழாயில், அண்ணன் சொன்ன அதே இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு எண்ணெயும் செம்மண்ணும் அப்பிக் கிடந்தது. கையால் அசைத்தால் கிளிப் சுற்றியது. லாஸ் குரூசஸில் ஒரு மெக்கானிக் அரை மணி நேரத்தில் புதுக் கிளிப் இரண்டு போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு விசில் இல்லை. அழுத்தினால் வண்டி இழுக்கிறது.

தராசில் ஏற்றிப் பார்த்ததில் முன் டயருக்குக் காற்று 95 பவுண்டு வேண்டும், இருந்தது 84. பின்னால் உள்சக்கரம் ஒன்று இன்னும் மோசம். எல்லாவற்றையும் சரி செய்தோம்.

ஜெனரேட்டர் பிரச்சினையை அம்மாவே தீர்த்துவிட்டார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சோபா இருக்கிறது, அதற்குப் பின்னால் தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையைத் திரையாகக் கட்டிவிட்டார். முன்பக்க ஏசி குளிர் அந்தச் சின்ன இடத்துக்குப் போதுமானதாக இருக்கிறது. இரண்டு பேரும் அங்கேயே. சமையலும் விடியற்காலை கேம்ப்கிரவுண்ட் மின்சாரத்திலேயே முடிந்துவிடுகிறது, அது வாடகையில் சேர்ந்தது. வழியில் புளிசாதம், அப்பளம்.

வான் ஹார்னிலிருந்து இங்கே 437 மைல், 57.5 கேலன், கேலனுக்கு 7.6. 63-க்கு மேல் போகவில்லை. இறக்கமும் உதவியிருக்கும், தெரியும். முதல் முறை லாரி வரிசையில் போட்டேன். கை நடுங்கியது. பக்கத்து லாரிக்காரர் இறங்கி வந்து, எந்தக் கோடு வரை நகர்த்த வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார்.

டூசான் அக்கா

எங்க ஊருக்கு வந்துட்டு சொல்லாம இருக்கலாமா! தனிச்செய்தியில் விலாசம் அனுப்பியிருக்கேன். இட்லி மாவு இருக்கு, அப்பா அம்மாவைக் கூட்டிட்டு வாங்க.

மேற்கேபோகிறோம்

மீண்டும் யூமா. சான் டியாகோவில் ஐந்து நாள் தங்கினோம், ஆர்வியை ஒரு முறைகூட நகர்த்தவில்லை. போகும்போது இங்கே நிரப்பியது, இப்போதுதான் மறுபடி நிரப்பினேன்: 352 மைலுக்கு 49.4 கேலன். மலையையும் சேர்த்து 7.1. அங்கே பலகையில் இங்கேயைவிட கேலனுக்கு 1 டாலர் 30 சென்ட் கூடுதல். இந்த ஒரு நிரப்பலில் மட்டும் 64 டாலர் மிச்சம்.

அப்பா மணலில் நடக்க முடியாது என்று நினைத்தேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் வரை வந்துவிட்டார். கால் நனைந்ததும், "ராமேஸ்வரத்தைவிடக் குளிரா இருக்கேடா" என்றார். வெகுநேரம் திரும்பி வர மாட்டேன் என்று நின்றார்.

நாளை கிழக்கே கிளம்புகிறோம். திரும்பும் வழியில் எதைப் பார்க்க வேண்டும்?

வடக்குலாரி

நல்ல சந்தோசம் தம்பி. போகேக்க காத்து முதுகில அடிக்கும், 8 வந்தாலும் ஆச்சரியமில்லை. அதுக்காக வேகத்தைக் கூட்டாதேங்கோ. பின்னுக்கிருக்கிற ரேடியேட்டருக்குள்ள பாலைவனப் புழுதி ஏறியிருக்கும், தண்ணி குழாயால மெல்லமா கழுவிவிடுங்கோ, அழுத்தமா அடிச்சா தகடு மடிஞ்சுபோகும். புதுக் கிளிப் ரெண்டையும் விடிய வெளிக்கிட முன்னம் ஒருக்கா இறுக்கிப் பாருங்கோ. சூட்டில ரப்பர் அமர்ந்து தளர்ந்திருக்கும்.