பழைய அம்ப்ளிபயருக்கு ராஸ்பெரி பையில் பாட்டுப்பெட்டி: இரைச்சல், கரண்ட் கட், பாமினிப் பெயர்கள்

வடலி எழுதியது:

ராஸ்பெரி பை 3 பி பிளஸ் (கையளவு கொம்பியூட்டர் போட்) ஒண்டு, பழைய ஸ்டீரியோ அம்ப் (அம்ப்ளிபயர்) ஒண்டு, யூஎஸ்பியிலயே கரண்ட் எடுக்கிற 1 டெராபைட் ஹாட் டிஸ்க் ஒண்டு. இந்த மூண்டையும் சேர்த்து, போனில தேடிப் பாட்டுப் போடக்கூடிய பெட்டி ஒண்டு செய்ய வேணும். திரை தேவையில்லை. பையில பாட்டுப் போடுற மென்பொருள் மூட் ஓடியோ ஏத்தியாச்சு, பாட்டும் வருது. மிச்சம் நாலு சிக்கல்:

பை போட்டின்ர ஹெட்போன் துளையில இருந்து எடுத்தா பாட்டுக்குப் பின்னால ஒரே இரைச்சல். அம்பில ஆர்சிஏ இல்லை, அஞ்சு துளை வட்ட சொக்கெட் மட்டும்தான். கரண்ட் போய் வந்து ரெண்டு மெமரி காட் பழுதாப் போச்சு. பழைய எம்பி3 கனக்கில பாட்டின்ர பெயர் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக் காட்டுது.

டாக் போட் (டிஜிட்டல் பாட்டை அம்புக்குரிய ஒலிச் சமிக்ஞையா மாத்துற போட்) எது நல்லம்? யாழ்ப்பாணத்தில கிடைக்காட்டி கொழும்பில இருந்து எடுப்பிக்கலாம்.

ஈயக்கம்பி பதில்:

அந்த ஹெட்போன் துளைக்குப் பின்னால முறையான டாக் சிப் இல்லை. சிப்பில இருந்து வாற துடிப்பை வடிகட்டி ஒலியாக்கி விடுகினம், அவ்வளவுதான். எந்த செட்டிங்கை மாத்தினாலும் இரைச்சல் போகாது. பை 4 இலயும் இதே கதை. பை 5 இலயும் ஸீரோ 2 டபிள்யூவிலயும் அந்தத் துளையே இல்லை.

பிசிஎம் 5102 சிப் போட்ட ஊதா நிறக் குட்டி போட் வேண்டுங்கோ, உங்கட அம்புக்கு அது காணும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடச் சொல்லலாம், ஒன்லைனிலயும் எடுக்கலாம். ஈயம் பத்த வைக்கத் தெரியாட்டி யூஎஸ்பி டாக் எடுங்கோ, அது கொழுவினவுடன வேலை செய்யும்.

வயர் போடுற விதம், பையின்ர 40 ஊசி வரிசையின்ர எண்களின்படி: டாக் போட்டின்ர "வின்" ஊசி 2க்கு (5 வோல்ட்), கிரவுண்ட் 6க்கு, பிசிகே 12க்கு, எல்சிகே 35க்கு, டின் 40க்கு. எஸ்சிகேயை பையோட கொழுவ வேண்டாம், கிரவுண்டோட சேர்த்துவிடுங்கோ. பை அந்தக் கடிகாரச் சமிக்ஞையைத் தராது. எஸ்சிகே கிரவுண்டில இருந்தாத்தான் 5102 தனக்குத் தேவையான கடிகாரத்தைத் தானே உண்டாக்கும். அதைச் சும்மா தொங்க விட்டா ஒருநாள் பாடும், ஒருநாள் கரகரக்கும். வயர் 10 சென்ரிமீற்றருக்கு மேல போகக்கூடாது.

மூட்டில ஐ2எஸ் (ஊசிகளில கொழுவுற டாக்) சாதனப் பட்டியலில "ஹைபைபெரி டாக்" எண்டதைத் தெரிவு செய்யுங்கோ. "டாக் பிளஸ்" எண்டு பக்கத்தில இருக்கிறது வேற சிப்புக்கு. அதைத் தெரிவு செய்தா டிரைவர் உங்கட போட்டில இல்லாத சிப்பைத் தேடிப்போட்டு ஒலிக் காட்டே இல்லையெண்டு சொல்லும்.

வட்ட சொக்கெட்டில "டேப்" எண்டு இருக்கிறதைப் பாவியுங்கோ. ஊசி 3 இடது, 5 வலது, 2 கிரவுண்ட். 1உம் 4உம் அம்பில இருந்து ரெக்கோடருக்குப் போறது, அதில கொழுவினா சத்தமே வராது. "போனோ" எண்டு இருக்கிற சொக்கெட்டில கொழுவாதையுங்கோ, அது இசைத்தட்டு ஊசியின்ர மெல்லிய சமிக்ஞைக்கு உரியது, இது அதில காது கிழியப் பிளிறும்.

இன்னொண்டு. 5102 முழுச் சத்தத்தில 2.1 வோல்ட் தரும். பழைய டேப் நுழைவுகள் அதில பத்திலொரு பங்கையே எதிர்பார்க்கும். அதாலதான் வொல்யூம் குமிழைக் கொஞ்சம் தொட்டவுடன வீடு அதிரும். இடதுக்கும் வலதுக்கும் தனித்தனியா 22 கிலோ ஓம் தடையைத் தொடரில போட்டு, அதின்ர அம்புப் பக்க முனையில இருந்து 4.7 கிலோ ஓமை கிரவுண்டுக்கு இறக்குங்கோ. 0.37 வோல்ட் வரும், குமிழும் ஒழுங்காத் திரும்பும். நாலு தடையும் பிளக்குக்குள்ளயே அடங்கும்.

பனங்கூடல் பதில்:

டாக் எல்லாம் பிறகு. உங்கள் பெட்டியின் பலவீனம் மின்சாரம்தான். காட் பழுதானதற்கு கரண்ட் கட் மட்டும் காரணமாக இருக்காது. போட்டுக்கு வரும் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் குறைவோல்ட் எச்சரிக்கை பதிவாகும். திரை இல்லாததால் மின்னல் அடையாளம் உங்களுக்குத் தெரியாது. வேறு கொம்பியூட்டரில் இருந்து எஸ்எஸ்எச் வழியாக பைக்குள் நுழைந்து விசிஜென்சிஎம்டி கட்டளையில் "கெட் திரொட்டில்ட்" கேளுங்கள். 0 வந்தால் நலம். 50000 என்றால் முன்னர் எப்போதோ குறைந்திருக்கிறது. 50005 என்றால் இப்பொழுதே குறைவாக இருக்கிறது.

பெரும்பாலும் பிழை சார்ஜரில் அல்ல, வயரில். மெல்லிய சார்ஜர் வயருக்குள் 0.08 சதுர மில்லிமீற்றர் செம்பு இருக்கும். 1 மீற்றர் வயரில் போகவும் வரவுமாக 2 மீற்றர் செம்பு, அதன் தடை ஏறத்தாழ 0.43 ஓம். 1 அம்பியர் ஓடினால் 0.43 வோல்ட் வயரிலேயே போய்விடும்: 5.1 வோல்ட் சார்ஜர் 4.67 ஆக வந்து சேரும். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது அது மட்டுமே 1 அம்பியர் அளவு இழுக்கும், அந்த நேரம் போட் விழும். 0.5 சதுர மில்லிமீற்றர் வயர் என்றால் இழப்பு 0.07 வோல்ட்தான். 3 பி பிளஸின் நாலு யூஎஸ்பி துளைகளுக்கும் சேர்த்தே 1.2 அம்பியர்தான் எல்லை என்பதையும் மறக்க வேண்டாம். முடிந்தால் டிஸ்க்கை எஸ்எஸ்டி (சுழலாத டிஸ்க்) ஆக மாற்றுங்கள்.

கரண்ட் கட்டுக்கு பவர் பாங்க் நம்ப ஏலாது. பலவற்றில் சார்ஜ் தொடங்கும்போதும் நிற்கும்போதும் வெளியீடு ஒரு கணம் விட்டுவரும், போட் மறுபடி தொடங்கும். 12 வோல்ட் 7 அம்பியர்-மணி மூடிய பட்டரி ஒன்று, 13.5 முதல் 13.8 வோல்ட் வரை பிடித்து வைக்கும் சார்ஜர் ஒன்று, 12 வோல்ட்டை 5க்குக் குறைக்கும், எக்ஸ்எல் 4015 சிப் உள்ள இறக்கி ஒன்று, பட்டரி முனைக்குப் பக்கத்திலேயே 2 அம்பியர் பியூஸ் ஒன்று. எல்எம் 2596 இறக்கியில் 3 அம்பியர் என்று எழுதியிருக்கும், ஆனால் நெடுநேரம் அவ்வளவு இழுத்தால் அது கொதிக்கும். இறக்கியை முதலில் மல்டிமீற்றரில் 5.1 வோல்ட்டுக்குத் திருகிவிட்டுத்தான் போட்டில் கொழுவ வேண்டும். புதிதாக வரும் இறக்கியின் திருகி எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது, சிலவேளை 12 வோல்ட்டும் அப்படியே வரும். மைக்ரோ யூஎஸ்பி வழியாகவே கொடுங்கள். 40 ஊசி வரிசையின் 5 வோல்ட்டில் நேரே கொடுத்தால் போட்டில் இருக்கும் பாதுகாப்பு பியூஸைத் தாண்டிப் போகிறீர்கள்.

கணக்கு: போட்டும் டிஸ்க்கும் சேர்ந்து சுமார் 6 வாட். பட்டரியில் 84 வாட்-மணி, அதில் பாதியைத்தான் எடுக்கலாம். இறக்கியின் இழப்பும் போக 36 மிஞ்சும். பெட்டி 6 மணித்தியாலம் ஓடும். அம்ப் மெயின்ஸில் ஓடுவதால் பாட்டு நிற்கத்தான் செய்யும். காட்டும் டிஸ்க்கும் தப்பும் என்பதுதான் இதன் பயன்.

டிஸ்க் என்டிஎப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) ஆக இருந்தால், கரண்ட் திடீரென்று போன பிறகு "அழுக்கு" அடையாளத்தோடு நிற்கும். பையில் ஓடும் லினக்ஸ் அதை வாசிக்க மட்டும் விடும், அல்லது ஏற்றவே மறுக்கும். விண்டோஸில் செக்டிஸ்க் ஓட்டினால் சரி. லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறைக்கு மாற்றினால் இந்தத் தொல்லை குறையும், ஆனால் பிறகு விண்டோஸ் கொம்பியூட்டரில் நேரே கொழுவிப் பாட்டுப் போட முடியாது.

வடலி எழுதியது:

50005 தான் வருது! வயர் மாத்தினாப் பிறகு 0. டாக் போட்டும் வந்து வயர் போட்டாச்சு. மூட்டில டாக்கின்ர பெயர் தெரியுது, பாட்டு ஓடுற மாதிரி நேரமும் நகருது, சத்தம் மட்டும் இல்லை. மெமரி காட்டைக் காப்பாத்த வேற மென்பொருள் ஏதும் இருக்கோ?

ஈயக்கம்பி பதில்:

போட்டைத் திருப்பிப் பாருங்கோ. பின்பக்கத்தில நாலு இடத்தில ஈயத்தால இணைக்கிற திட்டுகள் இருக்கும், ஒவ்வொண்டுக்கும் எல் பக்கம், எச் பக்கம் எண்டு ரெண்டு. 1, 2, 4 மூண்டும் எல் பக்கம், 3 மட்டும் எச் பக்கம். அந்த 3தான் ஊமையாக்கிற கால், எல்லில இருந்தாலோ ஒண்டிலயும் ஒட்டாமல் இருந்தாலோ சத்தம் வராது. சில போட்டுகள் இந்தத் திட்டுகள் வெறுமையா வருது, விக்கிறவையும் சொல்லமாட்டினம். முன்பக்கத்தில எஸ்சிகே ஊசிக்குப் பக்கத்தில இருக்கிற சின்னத் திட்டையும் ஈயத்தால மூடினா எஸ்சிகேக்கு வேற வயர் தேவையில்லை.

பனங்கூடல் பதில்:

மென்பொருளில் எனக்கு, மூட்டுக்குப் பதிலாக ஏற்றக்கூடிய பைகோர் பிளேயர்தான் பிடிக்கும். தொடங்கும்போது முழுவதும் நினைவகத்துக்கு ஏறிவிடும். பிறகு காட்டில் எழுதாது, பிளக்கைப் பிடுங்கினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் பாட்டுகளைப் பரிமாறும் லிரியன் மியூசிக் சேர்வரையும் அதே போட்டில் ஓட்டினால் அதன் தரவு காட்டில்தான் எழுதப்படும், அப்போது அந்த நன்மை பாதி போய்விடும். லொஜிடெக் மீடியா சேர்வர் என்று முன்னர் இருந்ததுதான் 2024இல் இந்தப் பெயருக்கு மாறியது. பழைய குறிப்புகளைத் தேடும்போது குழம்ப வேண்டாம்.

பட்டரி போட்டுவிட்டால் மூட்டிலேயே இருங்கள். எல்லாம் சரியான நாளில் காட்டைக் கழற்றி முழுப்படியாக ஒரு கோப்பில் எடுத்து வைத்தால், பழுதானாலும் பத்து இருபது நிமிட வேலை. புதுக் காட் வாங்கினால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை மென்பொருளில் முதலில் சோதியுங்கள். 64 என்று எழுதி 8 இருக்கும் காட்டுகள் சந்தையில் நிறைய. இதற்கு 16 ஜிகாபைட்டே தாராளம். திரும்ப எழுதும்போது வைபை நாட்டை இலங்கை என்று கொடுக்க மறக்க வேண்டாம். நாடு இல்லாவிட்டால் வைபை தொடங்காமலே கிடக்கும்.

பெட்டிக்கு பிஸ்கட் பேணி பாவிப்பவர்களும் உண்டு. தகரத்துக்குள் வைபை சாகும். மரம் அல்லது பிளாஸ்டிக் நல்லது.

எழுத்துக்கூட்டி பதில்:

பெயர்ச் சிக்கலுக்கு வாறன். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் எண்டா அது பாமினி எழுத்துரு. எங்கட பக்கத்தில டைப் பண்ணின கனக்க கோப்புகள் அப்பிடித்தான். மேல புள்ளியும் கோடும் போட்ட ஐரோப்பிய எழுத்துகளாத் தெரிஞ்சா அது திஸ்கி போல வேற குறியாக்கம். ரெண்டையும் ஒரே மாற்றியில போட்டா குப்பைதான் வரும், முதலில பிரிச்சு வையுங்கோ.

ஒவ்வொண்டாத் தட்டத் தேவையில்லை. எம்பி3டேக் மென்பொருளில பாட்டுப் பெயர், பாடியவர், அல்பம் மூண்டையும் எழுத்துக் கோப்பா ஏற்றுமதி செய்து, பாமினியில இருந்து யூனிகோட் மாற்றியில போட்டு, வரிசை மாறாமல் அதே மென்பொருளின்ர "எழுத்துக் கோப்பில இருந்து டேக்" வழியால திரும்ப ஏத்தலாம். ஒரு வரி குறைஞ்சாலும் மிச்சப் பெயரெல்லாம் ஒவ்வொரு பாட்டால தள்ளிப்போகும். அதால நூறு நூறாச் செய்யுங்கோ, ஒவ்வொரு தரமும் கடைசி வரியைச் சரிபாருங்கோ. சேமிக்கேக்க ஐடி3 (எம்பி3க்குள்ள பெயர் எழுதுற முறை) பதிப்பு 2.3, யூடிஎப்-16 எண்டு வைச்சு, பதிப்பு 1ஐ அழிச்சுவிடுங்கோ. அதில 30 எழுத்துக்கு மேல இடமுமில்லை, தமிழுக்கு வழியுமில்லை.

இதுக்குப் பிறகும் ஒரே பாடகர் பட்டியலில ரெண்டு தரம் வருவார், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. காரணம் "கொ". கொம்புக்கும் அரவுக்கும் (கால்) சேர்த்து ஒரே குறியீடாவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு தனியா அரவு தனியா ரெண்டு குறியீடாவும் எழுதலாம். சில மாற்றிகள் ரெண்டாவதைத் தரும். பெட்டிக்கு அவை ரெண்டு ஆள். ஒற்றைக்கொம்பும் அரவும் பக்கத்தில பக்கத்தில வாற இடத்தை ஒரே குறியீடா மாத்திவிடுங்கோ, "கோ"வுக்கும் அப்பிடியே. "ஸ்ரீ"யும் ரெண்டு விதமா எழுதப்படும், ஒண்டை முடிவு செய்து கொண்டு எல்லாத்தையும் அதுக்கு மாத்துங்கோ.

பலர் பாடின படப்பாட்டு அல்பங்களில "அல்பம் ஆர்ட்டிஸ்ட்" கட்டத்தில எல்லாப் பாட்டுக்கும் ஒரே பெயர் போடுங்கோ, இசையமைப்பாளர் பெயர் பொருத்தம். இல்லாட்டி ஒரு படம் ஆறு அல்பமாச் சிதறும். முடிஞ்சதும் மூட்டில நூலகத்தைப் புதுப்பிக்க வேணும், தானா மாறாது.

வடலி எழுதியது:

மூண்டாவது திட்டு வெறுமைதான். ஒட்டினவுடன பாடுது, இரைச்சலும் இல்லை. பட்டரியும் போட்டாச்சு. ஆனா இப்ப மெல்லிய "ம்ம்ம்" சத்தம் ஒண்டு, பாட்டு நிக்கேக்கயும் வருது.

ஈயக்கம்பி பதில்:

பட்டரிச் சார்ஜரின்ர பிளக்கை மட்டும் கழட்டிப் பாருங்கோ. சத்தம் நிண்டா சார்ஜரின்ர கசிவு ஓடியோ கிரவுண்டால போகுது: சார்ஜரையும் அம்பையும் ஒரே மல்டிபிளக்கில போடுங்கோ, அப்பவும் நிக்காட்டி இடையில 600 ஓமுக்கு 600 ஓம் ஓடியோ டிரான்ஸ்போமர் ரெண்டு, இடதுக்கொண்டு வலதுக்கொண்டு. எந்தப் பிளக்கின்ர எர்த்தையும் வெட்டிப் பார்க்காதையுங்கோ. சார்ஜரைக் கழட்டியும் நிக்காட்டி பிழை வட்டப் பிளக்கில, ஊசி 2இன்ர ஈயத்தைப் பாருங்கோ.

வடலி எழுதியது:

ஊசி 2தான். வலை வயர் ஈயத்தில ஒட்டாமல் சும்மா தொட்டுக்கொண்டு நிண்டிருக்கு. திரும்பப் பத்த வைச்சாச்சு, இப்ப அமைதி. டிரான்ஸ்போமர் தேவைப்படேல்லை. பாமினி வேலை நூறு பாட்டு முடிஞ்சுது, இன்னும் மூவாயிரம் இருக்கு.